23 பதக்கங்களும் ஒரு கையெழுத்தும்

அம்மா, போன சனிக்கிழமை கட்டைப்பையை மேசைமேல் கவிழ்த்துவிட்டு, "இதெல்லாம் வைத்து என் பெண்ணுக்கு என்ஜினீயரிங்கில் ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்குமா, இல்லை பிளஸ் ஒன்னோடு கராத்தேயை நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டீர்கள். 23 பதக்கங்கள், நாடாவெல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கிடந்தன. நீங்கள் விட்டுப்போன சான்றிதழ் நகல்களை அன்று இரவே உட்கார்ந்து படித்தேன். முதல் பதில் உங்களுக்குப் பிடிக்காது.

சான்றிதழில் 'இன்டர்நேஷனல்' என்று தங்க எழுத்தில் போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். கீழே யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கராத்தேயில் ஷோட்டோகான், கோஜு-ரியு, ஷிட்டோ-ரியு, வாடோ-ரியு என்று பாணிகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஏகப்பட்ட சங்கங்கள். நுழைவுக் கட்டணம் வாங்கி, கல்யாண மண்டபத்தில் மேட் விரித்து, யார் வேண்டுமானாலும் 'ஓபன் நேஷனல்' நடத்திவிடலாம். உங்கள் பெண் அங்கே உண்மையாகத்தான் அடி வாங்கி ஜெயித்திருக்கிறாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கோட்டாவுக்கு ஆள் எடுப்பவர்கள் அந்தச் சண்டையைப் பார்ப்பதில்லை, எந்தப் போட்டியில் ஆடினாள் என்று உரியவர்கள் சான்றளித்துத் தரும் படிவத்தைத்தான் பார்ப்பார்கள்.

படிவம் 1 நாட்டுக்காக ஆடியவர்களுக்கு, தேசியச் சம்மேளனம் தருவது. படிவம் 2 தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவர்களுக்கு, மாநிலச் சங்கம் தருவது. படிவம் 3, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு. படிவம் 4, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு. பெல்ட்டுக்கென்று படிவமே கிடையாது, பிளாக் பெல்ட்டாக இருந்தாலும் சரி.

இந்தக் கணக்கில் பார்த்தால், உங்கள் பையில் எனக்கு நம்பிக்கை தந்தது ஒரே ஒரு தாள்: மாவட்டச் சங்கம் வழியாக மாநிலத் தேர்வுப் போட்டிக்குப் போய் வாங்கிய மூன்றாமிடம். மற்றதெல்லாம் பளபளவென்று லேமினேட் ஆகியிருக்க, அது மட்டும் மடங்கிக் கசங்கிக் கிடந்தது. அதுவும் சீட் வாங்கித் தராதுதான். ஆனால் சரியான ஏணியில் அவள் கால் வைத்தது அங்கேதான். (அசலை லேமினேட் செய்யாதீர்கள், சரிபார்ப்பில் வீண் தொல்லை.)

பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள். எம்பிபிஎஸ்ஸில் வெறும் 7. எல்லா விளையாட்டுக்காரர்களும் இதற்குள்தான் மோத வேண்டும். அதனால் மார்க்கை நம்பியே திட்டம் போடுங்கள்.

அப்புறம், நிறுத்தட்டுமா என்ற கேள்வி. நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது அந்தக் கட்டணப் போட்டிகளை. வாரம் மூன்று நாள் பயிற்சி, வருடத்துக்கு ஒரே ஒரு தேர்வுப் போட்டி, போதும். கராத்தே ஒலிம்பிக்கில் இருந்தது டோக்கியோவில் மட்டும்தான், பாரிஸிலேயே எடுத்துவிட்டார்கள். ஆசிய விளையாட்டில் 1994 முதல் இருக்கிறது. ஆக, மேலே போகும் வழி குறுகலானது, அடைபட்டுவிடவில்லை. காவலர் தேர்வில் 10 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. எந்தெந்த விளையாட்டு என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்க்க வேண்டும். சொல்லிக்கொடுப்பதில் ஆசை இருந்தால், டிகிரிக்குப் பிறகு பி.பி.எட். என்ற உடற்கல்வி ஆசிரியர் படிப்பு படிக்கலாம், சென்னைக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகமே இருக்கிறது.

மாஸ்டரிடம் ஒன்று கேளுங்கள்: "மாநிலச் சங்கத்தில் நம் கிளப் பதிவாகியிருக்கிறதா?" இழுத்துப் பேசினால், பதிவு எண்ணைக் கேளுங்கள்.

அடுத்த முறை பை வேண்டாம், அவளைக் கூட்டிவாருங்கள். போன முறை ஒரு மணி நேரம் பேசினோம். அவள் வெளியே ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்தாள்.