சிறு கடைக்குக் குறைந்த செலவில் விளம்பரக் காணொளி எடுக்க முடியுமா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அருகில் பனங்கட்டியும் பினாட்டும் (வெயிலில் காயவைத்த பனம்பழக் களி) விற்கும் நீங்கள், கமராக்காரரை அமர்த்தாமல் விளம்பரக் காணொளி எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக எடுக்கலாம், கைத்தொலைபேசியே போதும். காலை வெயில் சரிந்து விழும் வாசலோரத்தில், தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்து, ஓலைக் குட்டானைப் பிரித்துப் பனங்கட்டியை உடைக்கும் கையை மட்டும் மிக அருகிலிருந்து காட்டினால், முகநூலைத் தள்ளிக்கொண்டே போகும் பார்ப்பவரின் விரல் முதல் 3 விநாடிக்குள்ளேயே நின்றுவிடும். கடைப்பெயரைச் சுழலவிட்டுத் தொடங்குவது கலியாண வீடியோப் பழக்கம். இங்கே அது உதவாது. பணம் செலவழிப்பதென்றால் சட்டையில் குத்தும் ஒலிவாங்கிக்குச் செலவழியுங்கள்; ஏனெனில், சற்று மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள்கூட, வீதி இரைச்சலில் அமுங்கிய பேச்சைப் பொறுப்பதில்லை. ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பவர்களும் இருப்பதால், விலையையும் வட்ஸ்அப் இலக்கத்தையும் எழுத்திலும் இடுங்கள். சினிமாப் பாட்டைச் சேர்த்தால், பதிப்புரிமை காரணமாக முகநூல் ஒலியை முடக்கக்கூடும்.