கண்ணுக்குள் புற்றுநோய் மருந்தா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, 15 வருடமாகச் சலரோகம். விழித்திரையில் நீர் கோத்திருக்கிறது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்கிறார் டொக்டர். அது புற்றுநோய் மருந்தாம். லண்டனில் இருக்கும் அண்ணாவோ கொலஸ்ட்ரோல் குளிசையும் சொட்டு மருந்தும் போதும், அனுப்பிவிடுகிறேன் என்கிறார். எதைக் கேட்பது? (வாசகி, சுன்னாகம்)

உங்கள் பயம் விளங்குகிறது. ஆனால் ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

அந்த மருந்து பெவசிசுமாப். அவாஸ்டின் என்றால் பலருக்குத் தெரியும். 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டிக்கு இரத்தம் கொண்டுபோகப் புதிய நாளங்களை முளைக்கவைக்கும் ஒரு புரதத்தை அது தடுக்கிறது. சலரோகக் கண்ணில் நாளங்கள் கசிவதற்கும், வேண்டாத இடத்தில் முளைப்பதற்கும் அதே புரதம்தான் தூண்டுகோல். அதனால் அடுத்த வருடமே கண் வைத்தியர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். அளவைப் பாருங்கள்: 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்காக ஒரு தடவை ஏற்றுவது 300 மில்லிகிராம் வரும். கண்ணுக்குள் போடுவது 1.25 மில்லிகிராம். முடி கொட்டுமோ என்ற கவலை வேண்டாம்.

சரி, ஏன் ஊசி? சொட்டு மருந்து விட்டால் தொண்டை கசக்கிறதல்லவா? பெரும்பகுதி கண்ணீரோடு மூக்குவழியே இறங்கிவிடுகிறது. கண்ணின் முன்பகுதிக்குள் போவதே நூற்றுக்கு 5 பங்கிலும் குறைவு. பின்சுவரில் இருக்கும் விழித்திரைக்கு என்ன மிஞ்சும்? கண் அழுத்தத்துக்கு விடும் பிரிமோனிடின் சொட்டைச் சலரோகக்காரரின் விழித்திரைக்காக ஐரோப்பாவில் இரண்டு வருடம் பரீட்சித்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பயன் தெரியவில்லை. குளிசைக்கு வேறு தடை: விழித்திரை நாளங்களின் சுவர் இரத்தத்தில் வரும் பல மருந்துகளை உள்ளே விடாது. ஊசி இந்த இரண்டையும் தாண்டி நேரே உள்ளே போகிறது.

அண்ணா சொன்ன குளிசையிலும் உண்மை இருக்கிறது. அவர் சொல்வது பெனோபைபிரேட் என்ற குளிசையாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்கொட்லாந்தில் ஆரம்பநிலைப் பாதிப்புள்ள 1151 பேரிடம் நடந்த ஆய்வில், நோய் முற்றும் வாய்ப்பை அது 27 வீதம் குறைத்தது. முடிவு 2024இல் வெளியானது. எனக்கு அதில் நல்ல நம்பிக்கை உண்டு. ஆனால் அது முற்றாமல் தாமதப்படுத்தும் மருந்து. இப்போது கோத்திருக்கும் நீரை வற்றவைக்க அதை நம்பியிருக்க முடியாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்தும்கூட. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்தில் பார்க்காமல், லண்டன் பார்சலைப் பிரித்து விழுங்கக் கொடுக்காதீர்கள். கிளினிக்கில் கேளுங்கள், ஊசியோடு சேர்த்துத் தரலாமா என்று அவர்கள் சொல்வார்கள்.

அம்மாவுக்கு அண்மையில் பாரிசவாதமோ மாரடைப்போ வந்திருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கண்ணை விறைக்கச் செய்துவிட்டுத்தான் போடுவார்கள். சில விநாடி வேலை. முதல் சில மாதங்கள் மாதம் ஒன்று என்று போட வேண்டிவரும், தவணை தவறக்கூடாது. அப்புறம், ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ அது கிருமித்தொற்றாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் பார்வையே போய்விடலாம். அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றைக்கே, இரவானாலும், வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.