மணலை எங்கே ஒளித்தார்கள்?

கேள்வி: எங்கள் பக்கம் கிணறு வெட்டினாலே மண் மலையாகக் குவிகிறது. ஜெர்மன் முகாமில் சிறைப்பட்ட குண்டுவீச்சு விமானிகள் சுரங்கம் தோண்டிய மண்ணை எப்படி மறைத்தார்கள்?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானிகளை ஜெர்மானியர் அடைத்து வைத்த ஸாகன் முகாமில் அதுதான் பெரிய தலைவலி. மேலே சாம்பல் நிற மண், 9 மீட்டர் ஆழத்தில் பளிச்சென்ற மஞ்சள் மணல். வெள்ளை வேட்டியில் ஏற்காட்டுச் செம்மண் பட்டதுபோல் காட்டிக்கொடுத்துவிடும். நீளத் துணிப்பைகளைக் கால்சட்டைக்குள் தொங்கவிட்டு, அடிவாயை ஊசியால் மூடினார்கள். நடந்தபடியே கயிற்றை இழுத்தால் ஊசி கழன்று மணல் சிந்தும், காலால் கிளறிவிடுவார்கள். பனி விழுந்ததும் இது பலிக்கவில்லை. நாடகக் கொட்டகை இருக்கைகளுக்கு அடியில் கொட்டினார்கள். சரியும் மணலுக்குக் கட்டில் பலகைகள் முட்டு. பால்பவுடர் டப்பாக்களைக் கோத்துக் காற்றுக்குழாய். இத்தனை பாடுபட்டும், 1944 மார்ச் 24 இரவு திறந்த சுரங்க வாய், மறைவு தரும் காட்டு மரங்களை எட்டவில்லை. தப்பிய 76 பேரில் மூவரே பிடிபடாமல் பாதுகாப்பான இடம் சேர்ந்தனர். பிடிபட்டவர்களில் 50 பேரை ஜெர்மானியர் சுட்டுக் கொன்றார்கள்.