நீளும் குழாய், குறையும் மூச்சு: நுகர்வோர் கேள்வி-பதில்

விடுமுறைக்கு மண்டபம், அந்தமான் என்று கிளம்புகிற மலைவாசிகளிடமிருந்து இந்த முறை வந்தவை பெரும்பாலும் ஸ்நார்க்கல், அதாவது தண்ணீரில் மிதக்கும்போது மூச்சு விட வாயில் கடித்துக்கொள்ளும் குழாய் பற்றிய கடிதங்கள்.

குன்னூர் வாசகர்: நுனியில் தானாக மூடிக்கொள்ளும் வால்வு உள்ள குழாய் வாங்கினால், முழுக்க மூழ்கியும் மூச்சு விடலாமா?

முடியாது. வால்வு மூடினால் தண்ணீரும் வராது, காற்றும் வராது. மூழ்கும்போது மூச்சை அடக்கித்தான் ஆகவேண்டும்.

ஊட்டி வாசகர்: ஆன்லைனில் 1 மீட்டர் நீள ஸ்நார்க்கல் வாங்கினேன், 1,450 ரூபாய். ‘ஆழத்தில் இருந்தபடியே சுவாசிக்கலாம்’ என்று போட்டிருந்தது. கோவையில் நீச்சல் குளத்தில் போட்டுப் பார்த்தால் மூச்சு முட்டுகிறது. குழாயில் அடைப்பா?

அடைப்பு இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த நீளக் குழாய் வியாபாரத்தின் மேல் எனக்குப் பல வருடக் கோபம் உண்டு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முகத்தைத் தண்ணீரில் வைத்து மிதக்கும்போது, தலையைத் தூக்காமல் மேலே உள்ள காற்றை இழுக்க ஒரு வழி. ஸ்நார்க்கல் அவ்வளவுதான். நாம் சாதாரணமாக ஒரு மூச்சுக்கு இழுப்பது ஏறக்குறைய 500 மில்லி காற்று. அதில் 150 மில்லி தொண்டையோடும் மூச்சுக்குழாயோடும் நின்றுவிடும், நுரையீரலின் உள்ளறைகளுக்குப் போகாது. ஸ்நார்க்கலைக் கடித்ததும் அந்த வழி இன்னும் நீள்கிறது. நாம் வெளியே விட்ட மூச்சின் கடைசிப் பகுதி குழாயிலேயே தங்கி, அடுத்த மூச்சில் முதலில் உள்ளே போகிறது. 2 செ.மீ. உள்விட்டமுள்ள 1 மீட்டர் குழாய்க்குள் 314 மில்லி தங்கும். தொண்டையில் தங்குவதோடு சேர்த்தால் 464. ஆக, 500-ல் புதுக் காற்று 36 மில்லிதான். கரியமில வாயு ஏறி, மூச்சு வாங்கும், தலை சுற்றும்.

அப்புறம் தண்ணீரின் கனம். 1 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் கூடுதலாக 100 கிராம் அழுத்துகிறது. 30-க்கு 30 செ.மீ. நெஞ்சுப் பரப்புக்குக் கணக்குப் போட்டால் 90 கிலோ! குழாயில் வரும் காற்றுக்கோ தண்ணீருக்கு மேலே உள்ள அழுத்தம்தான். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் கனத்தை நெஞ்சு தள்ளி விரிய வேண்டும். கொஞ்ச நேரத்திலேயே தசை ஓய்ந்துவிடும். காற்றுச் சிலிண்டரைச் சுமந்து மூழ்கும் ஸ்கூபாவில் ஆழத்தில் மூச்சு விட முடிவதற்குக் காரணம், சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாக ரெகுலேட்டர் என்ற கருவி காற்றைத் தருவதுதான். நல்ல ஸ்நார்க்கல்கள் 40 செ.மீ. அளவிலேயே நிற்பது, தங்கும் பழைய காற்று, தண்ணீரின் கனம் என்ற இந்த இரண்டாலும்தான்.

அந்த விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார்கள். 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்லுங்கள். பணம் வராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடம் போதும்.

கூடலூர் வாசகர்: 9 வயது மகனுக்கும் பெரியவர்கள் ஸ்நார்க்கல் செட்டே வாங்கிவிட்டேன், வளர்ந்தாலும் உதவுமே என்று. சரிதானே?

சரியில்லை. ஸ்கூல் யூனிஃபார்மா இது, ஒரு சைஸ் பெரிதாக எடுக்க? அந்த வயதுப் பையன் ஒரு மூச்சுக்கு இழுப்பதே 200 மில்லி போலத்தான். உங்கள் குழாயில் தங்கும் பழைய காற்று அவனுக்குப் பெரிய பங்கு. சிறுவர்களுக்கென்றே குட்டையான, ஒடுங்கிய குழாய் விற்கிறது. அவனுக்கு நீச்சல் தெரியுமா என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. பெட்டியைத் திரும்பக் கொடுத்துவிட்டு, முதலில் நீச்சல் வகுப்பில் சேருங்கள்.

கோத்தகிரி வாசகர்: தண்ணீருக்குள் பார்க்க முகத்தில் மாட்டும் கண்ணாடி மாஸ்க்கை, படத்தைப் பார்த்தே ஆர்டர் செய்யலாமா?

நான் அப்படிச் செய்து 900 ரூபாயும் ஒரு நாளும் இழந்தேன். பிவிசி விளிம்பு. மலைக் குளிரில் பீரோவுக்குள் மடங்கிக் கிடந்து கோணிவிட்டது. எனக்கு மீசை வேறு. மண்டபத்தில் படகிலிருந்து இறங்கியதும் மூக்கடியில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கழற்றிக் கொட்டினேன். கூட வந்தவர்கள் பவளப்பாறை பார்த்தார்கள், நான் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இருமினேன்.

சிலிக்கோன் விளிம்பு, டெம்பர்டு (உறுதியேற்றிய) கண்ணாடி பார்த்து, கடைக்குப் போய் வாங்குங்கள். பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கானது. விழுந்தால் அடுத்ததைக் கேளுங்கள்.

கொடைக்கானல் வாசகி: கடையில் வாங்கிய மாஸ்க்கின் கொக்கி முதல் நாளே உடைந்தது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று இருக்கிறதாம். கடைக்காரர் எல்லார் முன்னாலும் கத்திவிட்டார்.

நீங்கள் தலைகுனிய ஒன்றுமில்லை அம்மா. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று சட்டமே சொல்கிறது. பில்லில் கெடு போடவில்லை என்றால் 30 நாள். அந்த அச்சடித்த வரி உங்கள் உரிமையைப் பறிக்காது. உடைந்த கொக்கியைத் தூக்கி எறியாதீர்கள். பில்லின் நகலோடு ஒரு கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் கடைக்கு அனுப்புங்கள். அசையவில்லை என்றால் திண்டுக்கல் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். கடிதம் எழுதத் தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், நான் எழுதித் தருகிறேன்.

ஊட்டி வாசகர்: கடலுக்குப் போகும் முன் பைக்காரா ஏரியில் பழகிக்கொள்ளலாமா?

இறங்காதீர்கள். ஆழமும் குளிரும் சேர்ந்த தண்ணீர் அது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, மாஸ்க் மாட்டி, குழாயைக் கடித்துக்கொண்டு பத்து நிமிடம் வாயால் நிதானமாக மூச்சு விடுங்கள். மிச்சத்தை காவலுக்கு ஆள் நிற்கிற நீச்சல் குளத்தில், இடுப்பளவு தண்ணீரில் பழகுங்கள்.