கோளரங்கத்துக்கு 20 பிள்ளைகள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் டியூஷன் எடுக்கிறேன். 20 பிள்ளைகளைக் கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கு ரயிலில் கூட்டிப்போகலாமா?

பதில்: தாராளமாக. கடற்கரை ஸ்டேஷனில் வேளச்சேரி பறக்கும் ரயிலுக்கு மாறுங்கள். 5 பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். ஒருவர் முதலில் ஏற, ஒருவர் கடைசியில் ஏறட்டும். ஏறியதும் தலை எண்ணுங்கள், இறங்கியதும் எண்ணுங்கள். ஒவ்வொரு சட்டைப்பையிலும் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

போனதும், இருட்டு அரங்கின் கூரையில் நட்சத்திரங்களைக் காட்டும் காட்சிக்கு, தமிழில் நடப்பதற்கு, டிக்கெட் வாங்கிவிட்டு, மிச்ச நேரத்தில் அறிவியல் கூடங்களைப் பாருங்கள். வெறுமனே விட்டால் பொத்தானை அமுக்கிவிட்டு அடுத்ததற்கு ஓடுவார்கள். இருவருக்கு ஒரு பொருள் என்று பிரித்து, அது எப்படி வேலை செய்கிறதென்று சொல்லச் சொல்லுங்கள்.

காட்சிக்குக் கால் மணி முன்பே பாத்ரூம். இருட்டுக்குக் கண் பழகச் சில நிமிடமாகும், நடுவில் எழுந்தால் தடுக்கிவிடும். பயப்படும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களே, செல்போன் வேண்டாம்: ஒரு திரை வெளிச்சம் பட்டாலே மங்கலான நட்சத்திரங்கள் காணாமல் போய்விடும்.