பதில்: எட்டாவது படிக்கிற பாப்பாவுக்கு ரோபோ ஆசை, எங்க ஆரம்பிக்கிறது?

அண்ணா, பாப்பா ரோபோ செய்யணும்னு நிக்குது, பொள்ளாச்சியில கோச்சிங் கட்ட வசதியில்லைன்னு எழுதியிருந்தீங்க. முதல்ல பள்ளிக்கூடத்துல அடல் டிங்கரிங் லேப் இருக்கான்னு கேளுங்க, பிள்ளைங்க தாங்களே கருவிகளை வெச்சு செஞ்சு பாக்கற லேப் அது. மத்திய அரசு 2016ல ஆரம்பிச்சது, ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும்.

அப்புறம் ஃபர்ஸ்ட் (FIRST)னு ஒண்ணு இருக்கு. டீன் கேமன் 1989ல அமெரிக்காவுல தொடங்கின லாபநோக்கில்லாத அமைப்புங்க. அது நடத்தற டெக் சேலஞ்ச்ங்கிற ரோபோ போட்டியில 12 முதல் 18 வயசுப் பிள்ளைங்க குழுவா ரோபோ செய்வாங்க, தொழில் தெரிஞ்ச பெரியவங்க கூட நின்னு வழிகாட்டுவாங்க.

அந்த மாதிரி ஆளுக்குக் கோயமுத்தூர்ல பஞ்சமே இல்லீங்க. எம்பையன் செஞ்ச வண்டிச் சக்கரம் ஆடிக்கிட்டே இருந்துச்சு. அங்க கணபதி ஏரியாவுல ஒரு லேத் பட்டறைக்காரர் வெர்னியர்னு நுணுக்கமா அளக்கற கருவியை வெச்சு, சக்கரம் மாட்டற ஷாஃப்டை அளந்து காட்டினாரு, அரை மில்லிமீட்டர் கம்மி. இடைவெளியை அடைக்கப் பித்தளையில புஷ்னு ஒரு வளையம் கடைஞ்சு போட்டதும் நேரா ஓடுச்சு. அன்னிலிருந்து அளக்காம எதையும் மாட்டமாட்டான்.

உங்க மச்சான் பட்டறை வெச்சிருக்காருன்னீங்களே, சனிக்கிழமை பாப்பாவை அங்க கூட்டிட்டுப் போங்க. பொட்டப்புள்ளைக்கு எதுக்குன்னு சொல்றவங்க பேச்சைக் காதுல வாங்காதீங்க.