இடைநிலைச் சம்பளம் என்றால் என்ன? கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது அதை ஏன் கேட்க வேண்டும்?

வேலை கிடைத்த மாணவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால், நட்டநடுவில் நிற்பவர் வாங்குவதுதான் இடைநிலைச் சம்பளம். விளம்பரங்கள் காட்டும் சராசரியை ஒரே ஒரு பெரிய சம்பளம் தூக்கிவிடும்: 9 பேருக்கு மாதம் 20,000, ஒருவருக்கு 2,00,000 என்றால் சராசரி 38,000, இடைநிலையோ 20,000தான். சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று நம்பி ஆற்றில் இறங்குவது போலத்தான் இதுவும். நடுவில் ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கலாம்.

கூடவே, வேலைக்குப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், கிடைத்தது எத்தனை பேருக்கு, இன்டர்ன்ஷிப் (படிக்கும்போதே நிறுவனத்தில் பெறும் பயிற்சி) எத்தனை வாரம், அதற்கு இடம் பிடித்துத் தருவது கல்லூரியா, மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா என்றும் கேளுங்கள். உங்கள் துறைக்குத் தனியாக (மொத்தக் கணக்கு உதவாது).

'100 சதவீத வேலைவாய்ப்பு உதவி' என்பதைப் பலர் எல்லோருக்கும் வேலை என்று படித்துவிடுகிறார்கள். அது உதவிக்கான வாக்கு மட்டுமே, வேலைக்கானது அல்ல.